சேர்ந்து குடியிருந்த குற்றம்

மார்ச் 9

மதிப்பிற்குரிய ஜட்ஜ் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த உங்கள் தம்பி இரண்டு வருஷமாக என் வீட்டில்தான் இருக்கிறார். வீடு என்றால் மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல் மேடை. நானும் இன்னொரு பெண்ணும் அதில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் தொழில் என்ன என்பதை மறைத்தால் அடுத்த வரி உங்களுக்குப் புரியாது. ஆட்கள் எங்களைத் தேடி வருவார்கள். அதில்தான் எங்கள் பிழைப்பு.

போன செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. உங்கள் தம்பி அப்போது சமையல் மேடைக்குக் கீழே படுத்துக்கொண்டு ஒழுகுகிற குழாயைப் பிரித்துப் போட்டிருந்தார். கையில் ஸ்பேனர். கூட வந்த போலீஸ்காரர் அதை ஆயுதம் என்று எழுதப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் குனிந்து, தரையில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்.

பிடித்தது போதைக்காக இல்லை. அவரிடம் ஒன்றும் இல்லை. பாலியல் தொழில் செய்யும் பெண்ணின் வருமானத்தில் வாழ்ந்தார் என்று வழக்கு. என்னோடு இருக்கும் பெண்ணின் மேலும் வழக்கு. அவளைத் தெருவில் எல்லோரும் நெட்டச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில் இருப்பதால் அவள் விபச்சார விடுதி நடத்தியவளாம்.

உங்கள் தம்பி வெளியே வர வேண்டுமானால், நிலையான முகவரி உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். நான் நிற்கிறேன் என்றேன். வக்கீல் சிரித்துவிட்டார். "நீ நிக்க முடியாதும்மா. இந்தக் கேஸ்ல நீதான் பாதிக்கப்பட்டவ" என்றார். யாரால் என்று கேட்டேன். உங்கள் தம்பியால்தானாம். அதனால் நான் அவரைப் போய்ப் பார்க்கவும் கூடாது.

"அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்று போலீஸோடு படி இறங்கும்போது உங்கள் தம்பி சொன்னார். வேறு யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
மூன்றாவது மாடியில் இருப்பவள்


மார்ச் 16

அம்மையீர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீதித்துறையில் பணியாற்றும் நான் ஒரு குற்ற வழக்கில் ஜாமீன் நிற்க இயலாது. இயன்றாலும் நின்றிருப்பேனா என்பது வேறு கேள்வி.

என் தம்பி என்னோடு பேசிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சிறுவயதில் அவன் ஏறாத சுவர் கிடையாது, அதனால் வீட்டில் அவனைப் பூனை என்றுதான் கூப்பிட்டோம். அந்தத் துணிச்சல்தான் லிஃப்ட் வேலைக்குக் கொண்டுபோனது. குழிக்குள் விழுந்து முதுகில் அடிபட்ட பிறகு வலி மாத்திரையில் தொடங்கினான். அதன் பிறகு எங்கே போய் நின்றான் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். போதைப்பொருள் வைத்திருந்ததாக ஒருமுறை, உட்கொண்டதாக ஒருமுறை என்று இரண்டு தண்டனை. அதோடு லிஃப்ட் உரிமமும் பறிபோனது.

இப்போது அவன் எதை எடுத்துக்கொள்கிறான்? மறைக்காமல் எழுதவும். அதற்குமேல் நமக்குள் கடிதப் போக்குவரத்து தேவையில்லை.

இங்ஙனம்,
(கையொப்பம்)


மார்ச் 22

ஜட்ஜ் அம்மாவுக்கு வணக்கம்.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அவர் இப்போது எடுத்துக்கொள்வது கிளினிக்கில் கொடுக்கும் மருந்து. தினமும் காலையில் போய், நர்ஸ் கண் முன்னால் குடித்துவிட்டு வருவார். அதைக் குடித்தால் மற்றதன் மேல் எண்ணம் போகாது. சிறையில் அந்த மருந்து தருவதில்லை. அங்கே சும்மா இருந்துவிட்டு வெளியே வந்து பழைய அளவை எடுக்கிறவர்கள்தான் பெரும்பாலும் செத்துப்போகிறார்கள் என்று அந்த நர்ஸ் சொன்னாள். என் அவசரம் அதனால்தான்.

அந்த இரண்டாவது தண்டனை எப்படி ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவருக்கு மூச்சு நின்றுபோய் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் பின்னாலேயே போலீஸ் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நெட்டச்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கூப்பிட்டோம். பிழைத்துக்கொண்டார். பின்னாலேயே ஜீப்பும் வந்தது. அவர் ரத்தத்தில் இருந்ததற்குத்தான் அந்தத் தண்டனை. அடுத்த முறை இப்படி ஆனால் கூப்பிடுவோமா என்று நெட்டச்சி கேட்டாள். தண்டனை முடிந்து வந்ததும் அவராகவே கிளினிக்கில் சேர்ந்தார்.

பூனை என்ற பெயர் எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடியில் இருப்பவள்


ஏப்ரல் 5

அம்மையீர்,

ஜாமீன் ஆகிவிட்டது. கல்லூரியில் வேதியியல் நடத்தும் என் கணவர் போய்க் கையெழுத்திட்டார். நான் போகச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை.

நிபந்தனைகள் இரண்டு. வழக்கு முடியும்வரை அவன் என் வீட்டில் தங்க வேண்டும். உங்களைச் சந்திக்கவோ, தொடர்புகொள்ளவோ கூடாது. உங்கள் செய்தியை அவனிடமும் அவன் செய்தியை உங்களிடமும் நான் கொண்டுபோக மாட்டேன். அவன் நலமாக இருக்கிறானா என்பதை மட்டும் எழுதுவதில் சட்டப்படி தவறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இளைத்திருக்கிறான். வந்த புதிதில் கை நடுங்கியது. என் மகள் வெளியூரில் படிப்பதால் அவள் அறையைக் கொடுத்திருக்கிறோம். காலையில் என் கணவர் ஸ்கூட்டரில் இங்குள்ள கிளினிக்கிற்கு அழைத்துப் போகிறார். திரும்பி வந்து இருவரும் கிரிக்கெட் பார்க்கிறார்கள். நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று என்னைக் கேட்காமலேயே என் மேஜை விசிறியைக் கழற்றிச் சத்தம் வராமல் சரிசெய்து வைத்திருந்தான்.

இங்ஙனம்,
(கையொப்பம்)


மே 19

ஜட்ஜ் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்கள் வீட்டுக்காரருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அது செய்தி கொண்டுபோவதில் சேராது என்று நினைக்கிறேன்.

வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை. எங்களுக்கு வாடகைக்கு விட்டால் அவரும் குற்றவாளி என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து இருந்தால் அது விடுதி, தனித்தனியாக இருந்தால் இல்லை. அதனால் நானும் நெட்டச்சியும் பிரிந்துவிட்டோம். ஜாமீனில் வந்தவள் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறாள். நான் இருப்பது இருசக்கர வண்டிப் பட்டறைக்குப் பின்னால், தரைத் தளத்தில் ஒற்றை அறை.

முன்பு ஒருத்தி உள்ளே இருந்தால் இன்னொருத்தி சமையல் மேடையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்போம். வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் வந்தவன் ஒழுங்காக இருப்பான். இப்போது உருட்ட ஆள் இல்லை. போன மாதம் ஒருவன் என் மணிக்கட்டை முறுக்கி ஒடித்துவிட்டான். வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். அவர்களும் நம்பினார்கள். கட்டுப் பிரித்தாகிவிட்டது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

இதைப் பூனையிடம் சொல்லாதீர்கள். அவர் சரியாகத் தூங்குகிறாரா என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தரைத் தளத்துக்கு இறங்கி வந்தவள்


ஜூன் 2

அம்மையீர்,

தூங்குகிறான். மணிக்கட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

நீங்கள் போலீசில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அது உங்கள் உரிமை. ஏன் கொடுக்கவில்லை?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தண்டனைச் சட்டங்களைத் திருத்த ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். போதைப்பொருளைச் சொந்த உபயோகத்திற்கு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மருத்துவத்தின் பொறுப்பில் விடலாமா என்பது முதல் பகுதி. வயது வந்தவர்கள் செய்யும் பாலியல் தொழிலையும், அவர்களோடு குடியிருப்பதையும், அவர்களுக்கு வீடு விடுவதையும் அப்படியே எடுத்துவிடலாமா என்பது இரண்டாம் பகுதி. கீழ் நீதிமன்றங்களில் சிலரிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

இங்ஙனம்,
(கையொப்பம்)


ஜூன் 11

ஜட்ஜ் அம்மாவுக்கு வணக்கம்.

புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி, அவன் எதற்கு உன் அறைக்கு வந்தான் என்பதுதான். பதில் சொன்னால் அந்த அறை போய்விடும். கையாவது கூடிவிடும், அறை மறுபடி கிடைக்காது.

இந்த ஊரில் எங்களை அடிக்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் எங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் கேட்டதால் சொன்னேன். உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
தரைத் தளத்தில் இருப்பவள்


செப்டம்பர் 14

அம்மையீர்,

என் கருத்தை அனுப்பிவிட்டேன். செய்தித்தாளில் பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவதுதான் முறை. முதல் பகுதியை ஆதரித்திருக்கிறேன். இரண்டாம் பகுதியை எதிர்த்திருக்கிறேன்.

என் நீதிமன்றத்தில் வந்து நின்ற ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. பதினாறு வயது. எந்த ஊரில் இருக்கிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கூட்டிவந்தவன் மாமா என்று சொல்லிக்கொண்டான். இந்தப் பிரிவுகள் இல்லையென்றால் அவனைப் போன்றவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள் என்று எனக்குப் பயம். உங்களை மனதில் வைத்து நான் எழுதவில்லை. உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் எதுவும் இல்லை.

பூனைக்கு இரண்டு கிலோ எடை கூடியிருக்கிறது.

இங்ஙனம்,
(கையொப்பம்)


அக்டோபர் 1

ஜட்ஜ் அம்மாவுக்கு,

சொல்லிவிட்டுச் செய்ததற்கு நன்றி. பலர் அதையும் செய்வதில்லை.

முதல் பகுதியை எழுதும்போது உங்கள் தம்பியை நினைத்திருப்பீர்கள். இரண்டாவதை எழுதும்போது என்னை நினைக்கவில்லை என்கிறீர்கள். நான் அதை நம்புகிறேன்.

அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தவனை விட்டுவிடச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை. கடத்துவது, அடைத்து வைப்பது, சிறு பெண்ணைத் தொடுவது எல்லாம் தனித்தனிக் குற்றங்கள்தானே. அவை அப்படியே இருக்கட்டும். என்னை யாரும் கூட்டிவரவில்லை. துணித் தொழிற்சாலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கண் கெட்டது. இந்த வேலைக்கு வந்தேன். இதில் பெருமையும் இல்லை, உங்களிடம் அழுதுகாட்டவும் ஒன்றும் இல்லை.

இனி நான் எழுத மாட்டேன். அவர் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

இப்படிக்கு,
(வேறு என்ன போடுவது என்று தெரியவில்லை)


ஜனவரி 20

அம்மையீர்,

எழுத மாட்டேன் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் எழுதக்கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை.

முதல் பகுதி சட்டமாகிவிட்டது. இரண்டாம் பகுதியைக் கூடுதல் விசாரணைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். தள்ளியதற்கான காரணங்களைச் சொல்லும் இடத்தில், என் கருத்திலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பூனையின் இரண்டு தண்டனைகளும் பதிவிலிருந்து நீங்கின. உரிமம் திரும்பக் கிடைத்தது. ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு போகிறான். குழிக்குள் இறங்கும் வேலையைக் கூட வருபவரிடம் கொடுத்துவிட்டு, மேலே மோட்டார் அறையைப் பார்த்துக்கொள்கிறான்.

இந்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அவசர வேலை என்று கருவிப் பையோடு கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமையிலும் லிஃப்ட் நிற்கும், தெரியும். ஆனால் கையில் கிரீஸ் படாமல் திரும்பி வந்தான். என் கணவர்தான் அவனுக்கு ஜாமீன். நிபந்தனை மீறல் தெரிந்தால் நான் சொல்லியாக வேண்டும். நான் அவனைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறேன். அவன் அங்கே வந்தானா?

அவன் அக்கா


பிப்ரவரி 3

அக்கா என்று கையெழுத்துப் போட்டிருப்பவருக்கு,

வணக்கம். வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. இரண்டு தடவையும்.

"கதவைத் திற. பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

"கண்டிஷன் தெரியும்ல" என்றேன்.

"அக்கா சொல்ல மாட்டா."

"உங்கக்கா சொல்லாட்டி பட்டறைக்காரன் சொல்வான்."

பிறகு வெளியே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துகொண்டு, புதிதாகப் போட்டிருக்கும் லிஃப்ட் ஒன்று பெண் குரலில் பேசுகிறது, மாடி எண்ணைத் தப்பாகச் சொல்கிறது, கிழவர் ஒருவர் அதோடு சண்டை போட்டார் என்று கதை சொன்னார். நான் உள்ளே கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கேட்டேன். சிரிப்புச் சத்தம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டேன். பார்த்தது கேட்டது இவ்வளவுதான். இது மீறல் என்றால் நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

திறந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மாட்டிக்கொண்டால் அவர் மறுபடி உள்ளே போவார். அங்கே மருந்து கிடையாது. உங்கள் சட்டம் சொல்லித் திறக்காமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. நெட்டச்சிக்குப் போன வாரம் தீர்ப்பு வந்துவிட்டது. விடுதி நடத்திய குற்றத்திற்கு இரண்டு வருஷம். வாடகை ஒப்பந்தத்தை ஜட்ஜ் கையில் தூக்கிக் காட்டி, இது உன் கையெழுத்துதானே என்று கேட்டாராம். ஆமாம் என்றாளாம்.

இப்படிக்கு,
கதவுக்கு உள்பக்கம் இருந்தவள்


மார்ச் 18

அன்புள்ள உங்களுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். பூனை இப்போது நலம்.

மாதத் தொடக்கத்தில் மறுபடி எடுத்துவிட்டான். காலையில் காப்பியோடு என் கணவர் அறைக்குள் போனபோது தரையில் கிடந்தான். உதடு நீங்கள் எழுதியிருந்த நிறத்தில் இருந்தது. என் கணவர் போனை எடுத்துவிட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். நெட்டச்சி உங்களைப் பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதே பார்வையாக இருக்க வேண்டும். பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது, இப்போது அப்படிப் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை என்று.

ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை. நான் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்த பெண், எதை எடுத்தான், எப்போது என்று இரண்டே கேள்வி கேட்டாள். மூக்கில் மருந்தை அடித்தாள். மறுநாளே கிளினிக்கில் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வேலைக்குப் போய்விட்டான்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். வெகு காலம் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா, நீ பாதிச் சட்டத்தைத்தான் மாத்தின. எனக்கு வேண்டியதை மட்டும். என்னைக் காப்பாத்துன பாதி இன்னும் குத்தவாளியாவே இருக்கு" என்றான்.

உங்கள் மணிக்கட்டைப் பற்றி அவனுக்குத் தெரியும். நீங்கள் போல்ட்டைப் பிடித்த விதத்தைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தே கண்டுபிடித்தானாம். வலது கையால் இழுக்க வேண்டிய போல்ட்டை இடது கையால் இழுத்துப் பார்த்தீர்களாம்.

நீதிமன்றத்தில் என் முன்னால் வரும் எந்த வழக்கிலும், யாருக்குத் தீங்கு நடந்தது என்பதை முதலில் தேடச் சொல்லித்தான் எனக்குப் பயிற்சி. உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்து அப்படித் தேடினேன். மணிக்கட்டை ஒடித்தவன் மேல் வழக்கு இல்லை. குழாயைச் சரிசெய்தவன் மேல் வழக்கு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் என்று அரசு எழுதி வைத்திருக்கும் பெண் தன் கதவைத் தானே திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் வழக்குக் கட்டையும் எடுத்துப் பார்த்தேன். அவளைக் கூட்டிவந்தவனைத் தண்டித்தது கடத்தல் பிரிவு. மற்றப் பிரிவுகளால் அவளுக்கு ஒரு பயனும் விளையவில்லை.

என் முதல் கருத்தை விலக்கிக்கொண்டு இரண்டாவது கருத்தை அனுப்பியிருக்கிறேன். காரணங்களையும் எழுதியிருக்கிறேன். உங்களைச் சுட்டும் எதையும் எழுதவில்லை. மாவட்ட நீதிபதி கூப்பிட்டு, குடும்பத்தில் ஒருவருக்கு வழக்கு இருக்கும்போது இது தேவையா என்று கேட்டார். குடும்பத்தில் வழக்கு இருப்பதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இராது என்று நினைக்கிறேன். பெரிய நஷ்டமில்லை.

குழு நேரடியாகவும் சாட்சியம் கேட்கிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

அவன் அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு வணக்கம்.

போனேன். பெரிய கூடம், குளிர்சாதனம், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். என்னை மறைப்புக்குப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். வேண்டாம், முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் எனக்குப் பேச வரும் என்றேன்.

நீளமாகக் கேட்டார்கள். நான் சுருக்கமாகச் சொன்னேன். இரண்டு பேராக இருந்தபோது எப்படி இருந்தது, தனியாக ஆனபோது என்ன ஆனது என்று மட்டும்தான் சொன்னேன். ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க பொண்ணு இந்த வேலைக்கு வந்தா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

"ஒத்துக்க மாட்டேன். லிஃப்ட் குழிக்குள்ள எறங்கற வேலைக்கும் அனுப்ப மாட்டேன். ஆனா எறங்கறவங்களுக்கு மேல நின்னு கயிறு பிடிக்கிறாங்களே, அவங்களப் பிடிச்சு உள்ள போட மாட்டேன்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. வெளியே வரும்போது அந்தப் பாட்டிலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பஸ்ஸில் குடித்தேன்.

நீங்கள் குழுவுக்கு இரண்டாவதாக எழுதியதை வக்கீல் படித்துக் காட்டினார். நன்றி சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்து முடிந்ததும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மறைப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள்


நவம்பர் 15

அன்புள்ள உங்களுக்கு,

செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். இரண்டாம் பகுதியும் நிறைவேறிவிட்டது. நடப்பில் இருக்கும் வழக்குகளை அரசு திரும்பப் பெறுகிறது. பூனையின் வழக்கு திங்கட்கிழமை முடிந்தது. மாஜிஸ்ட்ரேட் தலையை நிமிர்த்தாமலே படித்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நானும் இத்தனை காலம் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

இன்று காலை கிளம்பிவிட்டான். கருவிப் பை, ஒரு பெட்டி. என் கணவர் அவனைவிட அதிகம் கலங்கினார், ஒன்றாகக் கிரிக்கெட் பார்க்க இனி ஆள் இல்லை. அங்கே எந்தக் கிளினிக், என்ன அளவு என்று எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு எழுதியும் நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரலாமா? சிரமம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
அவன் அக்கா


டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பூனை நலம். கிளினிக்கில் சேர்ந்துவிட்டார். இங்கேயே ஒரு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறார். வேறு வீடு பார்த்திருக்கிறோம், இரண்டாவது மாடி. ஒப்பந்தத்தில் மூன்று பேரும் இருப்போம் என்று எழுதச் சொன்னேன். வீட்டுக்காரம்மா மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டார். வருவாள் என்றேன்.

நெட்டச்சி இன்னும் வரவில்லை. புதுச் சட்டம் வந்த பிறகு நடந்தால் குற்றமில்லை, அதற்கு முன்பே தண்டனை ஆகிவிட்டவர்கள் தனித்தனியாக மனுப் போட வேண்டுமாம். போட்டிருக்கிறோம். நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். அவளுடைய தீர்ப்பு, உங்கள் முதல் கருத்துக்கும் இரண்டாவது கருத்துக்கும் நடுவில் வந்தது. உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. நடந்தது அந்த வரிசையில்தான். இதைச் சொல்லாமல் உங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுக்க என்னால் முடியாது. நன்றி சொல்வதா வேண்டாமா என்று அன்று யோசித்ததும் இதனால்தான். பூனைக்காக நன்றி. மற்றதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்.

உங்களைப் பார்க்க எனக்கும் ஆசை. வீட்டுக்கு வாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பதில்லை, நெட்டச்சியைப் பார்க்கப் போய்விடுவேன். மனம் இருந்தால் அங்கே வாருங்கள். பெண்கள் சிறையின் பெரிய கதவுக்கு இடது பக்கம், தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சுகள் போட்டிருக்கும். சீக்கிரம் வந்தால் உட்கார இடம் கிடைக்கும். உங்கள் பதவியைச் சொன்னால் உள்ளே தனி அறையில் உட்கார வைத்துவிடுவார்கள், அதனால் சொல்லாதீர்கள். அடையாள அட்டை வேண்டும். சோப்பு வாங்கிவந்தால் உறையைப் பிரித்துவிடுங்கள், பிரிக்காததை வாங்க மாட்டார்கள். அவளுக்குச் சிவப்புச் சோப்புதான் பிடிக்கும்.

வாசலில் ஒரு போலீஸ்காரம்மா நோட்டை நீட்டுவார். பெயர், முகவரி, உறவு என்று கேட்டிருக்கும். உறவு என்ற இடத்தில் நான் தங்கை என்று எழுதுவேன், இதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை. நீங்கள் என்ன எழுதுவது என்பதை வரும் வழியில் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் வீட்டுக்காரி